கையால் கட்டிய சைக்கிளுக்கு 16,500 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி இது: தர்மபுரிப் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்காரர் குழாய் வாங்கி, வெட்டி, பற்றவைத்து, பிரேம் முதற்கொண்டு தன் கையாலேயே சைக்கிள் கட்டித் தருகிறார். நல்லம்பள்ளியிலிருந்து தர்மபுரிக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் தங்கைக்கு ஒன்று கேட்டதற்கு 16,500 ரூபாய் சொல்லியிருக்கிறார். தங்கை உயரம் 4 அடி 11 அங்குலம். இதைவிடக் குறைந்த விலைக்கே கம்பெனி சைக்கிள் கிடைக்கும்போது இவரை நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். அளவுக்காக வாங்குவதாக இருந்தால் மட்டும். "கைவேலை", "நம்ம ஊர் சரக்கு" என்கிற பெருமைக்காக என்றால் வேண்டாம், அந்தப் பணத்துக்குக் கம்பெனி சைக்கிள் வாங்கிவிட்டு மிச்சத்துக்கு நல்ல விளக்கும் பூட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், அப்பா காரிமங்கலத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் தண்ணியில் டியூபை அமுக்கிக் குமிழி தேடியதுதான் என் முதல் வேலை. பிறகு ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் இருபது வருஷத்துக்கு மேல். இப்போது ஓய்வில், வீட்டுக்குப் பின்னால் ஒரு சீட் கொட்டகையில், இதுவரை பதினோரு பிரேம் கட்டியிருக்கிறேன். அதில் மூன்று பழைய இரும்புக் கடைக்குத்தான் போனது. விற்பதில்லை, அதனால் யாருக்கும் போட்டியும் இல்லை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். "நானே கட்டினது" என்று நம் பக்கம் மூன்று விதமான ஆட்கள் சொல்வார்கள். ஒருவர் லூதியானாவிலிருந்து வரும் பிரேமை வாங்கி, அதில் ரிம், செயின், பெடல் எல்லாம் மாட்டித் தருபவர். அந்தக் காலத்தில் சைக்கிள் பெட்டியில் பிரித்துத்தான் வரும், கடைக்காரர்தான் பூட்டுவார். அந்த வேலையின் தொடர்ச்சி இது. தப்பான வேலையில்லை, ஆனால் கையால் செய்த பிரேம் இல்லை. இரண்டாமவர் பழைய சைக்கிளை அறுத்து நீட்டியோ குறுக்கியோ ஒட்டுபவர். ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த இலவச சைக்கிள்கள் (2001-02இல் எஸ்.சி., எஸ்.டி. மாணவிகளுக்கு ஆரம்பித்து, 2005-06இல் அரசு, உதவிபெறும் பள்ளிகளில் எல்லோருக்கும் என்று ஆனது) துருப்பிடித்துச் சுவரில் சாய்ந்து நிற்காத தெரு தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் இருக்காது. அதிலிருந்து பி.பி. குழலையும் (பெடல் ஆக்சில் உள்ளே சுற்றும் குட்டைக் குழல்), பின் ஆக்சில் மாட்டும் தகட்டையும் அறுத்து எடுத்துக்கொள்வார்கள். அது கெட்டிக்காரத்தனம்தான், நானும் செய்வேன். மூன்றாமவர்தான் புதுக் குழாயிலிருந்து தொடங்குபவர். உங்கள் ஆள் இதில் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "பிரேம் எங்கே வாங்குனீங்கண்ணா?" என்று சும்மா கேட்டுப் பாருங்கள். மூன்றாமவராக இருந்தால் பிரேம் பற்றிப் பேசாமல் குழாய் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார், நிறுத்த முடியாது.

இப்போது அளவுக்கு வருகிறேன். விலை நியாயமா என்பது இதில்தான் இருக்கிறது.

கம்பெனியில் குறைந்த விலை மாடல்கள் பெரும்பாலும் ஒரே அளவில்தான் வரும். நடுத்தர உயரத்து ஆணுக்குச் சரியாக இருக்கும். உங்கள் தங்கை மாதிரி 150 சென்டிமீட்டர் உயரத்துக்காரர் அதில் ஏறினால், சீட்டைக் கடைசிவரை இறக்கிய பிறகும் கால் எட்டாமல் இடுப்பை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி மிதிப்பார். ஒரு கிலோமீட்டருக்கு அது ஒன்றும் தெரியாது. போக வர 20 கிலோமீட்டர் என்றால் மூன்றாவது மாதம் முட்டி சொல்லும், அடுத்து முதுகு சொல்லும், அப்புறம் சைக்கிள் திண்ணையோரம் போய்விடும். "எனக்கு சைக்கிள் ஒத்துக்கல" என்று சொல்கிற பெண்களில் பாதிப் பேருக்கு ஒத்துக்கொள்ளாதது சைக்கிள் இல்லை, அதன் அளவு.

வீட்டிலேயே அளந்து பாருங்கள். செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்டி நிற்கச் சொல்லி, இரண்டு தொடைக்கும் நடுவே ஒரு தடிமனான புத்தகத்தை, சீட்டில் உட்காரும் அழுத்தத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் அதுதான் உள்கால் அளவு. தங்கைக்கு 68 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 0.883ஆல் பெருக்கினால் 60 செ.மீ.; பெடல் சுற்றும் ஆக்சிலின் நடுவிலிருந்து சீட்டின் மேல் வரை இருக்க வேண்டிய உயரம் அது. 0.65ஆல் பெருக்கினால் 44 செ.மீ. சொச்சம், பிரேமின் சீட் குழாய் ஏறக்குறைய அவ்வளவு இருந்தால் போதும். நம் ஊரில் பால்காரர்கள் ஓட்டும் கருப்பு சைக்கிளின் 22 அங்குலப் பிரேம் 56 செ.மீ. அதில்தான் நாமெல்லாம் பாருக்குள் காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்டோம். பதினோரு வயதில் அது விளையாட்டு. இருபத்தாறு வயதில் வேலைக்குப் போகிற பெண் ஏன் அப்படி ஓட்ட வேண்டும்?

இந்த 44 செ.மீ.யை மட்டும் சொல்லி ஒருவர் பிரேம் கட்டினால் அவர் பாதி வேலைதான் தெரிந்தவர். சின்ன பிரேமில் ஒளிந்திருக்கும் தொல்லை முன்சக்கரம். பிரேமைக் குறுக்கும்போது பெடலுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே இடம் குறைகிறது. 26 அங்குலத்தைவிடப் பெரிய 700சி சக்கரம் போட்டால், மெதுவாக ஹேண்டில்பாரைத் திருப்பும்போது செருப்பு நுனி டயரில் இடிக்கும். வேகத்தில் யாரும் அவ்வளவு திருப்புவதில்லை. பஸ் ஸ்டாண்டு முன்னால், ஆட்டோவுக்கு நடுவே நெளியும்போதுதான் இடிக்கும், அங்கேதான் விழுந்தாலும் ஆபத்து. அதனால் இந்த உயரத்துக்கு 26 அங்குல சக்கரம்தான் சரி. இதில் இன்னொரு வசதி உண்டு. ராத்திரி எட்டு மணிக்கு நல்லம்பள்ளியில் பஞ்சரானால் 26 அங்குல டியூப் கிடைக்கும், 700சி டியூப் கிடைக்காது. பெடலைத் தாங்கிச் சுற்றும் கை, கிராங்க், அதுவும் அப்படித்தான். பெரியவர்கள் சைக்கிளுக்கு 170 மி.மீ. கிராங்க் வரும், குட்டையான காலுக்கு 152 மி.மீ. போதும். சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்கு வருகிற கிராங்க் அது, எந்தக் கடையிலும் இருக்கும். இதை அவரே சொன்னாரென்றால் நல்ல ஆள். நீங்கள் சொல்லி "அட, ஆமா" என்றால் பரவாயில்லை. "அதெல்லாம் தேவையில்லம்மா, பழகிடும்" என்றால் கிளம்பிவிடுங்கள்.

பாரூர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு மேஸ்திரி இருக்கிறார். போலியோ வந்து கால் சூம்பியவர்களுக்குக் கையால் மிதிக்கும் மூன்று சக்கர வண்டி கட்டுவதுதான் அவர் வேலையில் பாதி. ஒரு நாள் போயிருந்தபோது வண்டி கேட்டு ஒருவர் வந்திருந்தார். மேஸ்திரி டேப்பை எடுக்கவே இல்லை. டீ சொல்லிவிட்டு, அவர் திண்ணையில் ஏறி உட்காருவதை, எழுவதை, மறுபடி உட்காருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: "எந்தக் கைங்க சீக்கிரம் அசரும்?" வந்தவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "வலது" என்றார். வலது தோள்பட்டை வருஷக்கணக்காக ஊன்றுகோல் தாங்கித் தேய்ந்துபோனதாம். வழக்கமாக வலது பக்கம் வைக்கும் கைப்பெடலை இடது பக்கம் மாற்றி, சங்கிலியை அந்தப் பக்கம் ஓடவிட்டு வண்டி கட்டினார் மேஸ்திரி. எந்தத் தொழிற்சாலையும் இந்தக் கேள்வியைக் கேட்காது, கேட்கவும் முடியாது. நான் அளவு அளவு என்று சொல்வது டேப்பில் வரும் எண்ணை மட்டும் இல்லை.

சரி, உங்கள் தங்கை சுடிதாரோ சேலையோ கட்டி ஓட்டுவார், மேல் பார் உயரமாக இருந்தால் ஏற முடியாது, தாழ்வாக வேண்டும் என்பீர்கள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கைவேலைப் பிரேம்கள் அதிகம் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். சாதாரண சைக்கிள் பிரேம் இரண்டு முக்கோணம். 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளுக்குப் பிறகு கொஞ்ச வருஷத்திலேயே இந்த வடிவத்துக்கு வந்து நிலைத்துவிட்டது. முக்கோணம் வளையாது, அதனால்தான் மெல்லிய குழாயிலும் பலம் கிடைக்கிறது. மேல் பாரைக் கீழே இறக்கிவிட்டால் முக்கோணம் போய்விடும். மிதிக்கும்போது முன்பக்கம் ஒரு திசையிலும் பின்பக்கம் ஒரு திசையிலும் முறுக்கும். கேரியரில் சோற்றுப் பையும் ஹேண்ட்பேக்கும் வைத்தால் இறக்கத்தில் ஹேண்டில்பார் உதறும்.

இதற்கு மருந்து உண்டு. கீழே வரும் குழாயின் விட்டத்தை 28.6 மி.மீ.யிலிருந்து 31.8 மி.மீ. ஆக்கினால், அதே தடிமனில் முறுக்குத் தாங்கும் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். குழாய் முறுக்கைத் தாங்குவது விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்றபடி கூடும், எடையோ விட்டத்தின் அளவுக்குத்தான் கூடும். இன்னொரு வழி, மேல் பாருக்குப் பதில் இரண்டு மெல்லிய குழாய்களைத் ஹேண்டில்பார் நுழையும் தலைக்குழாயிலிருந்து சரித்து, சீட் குழாயை இரண்டு பக்கமும் தொட்டபடி பின் ஆக்சில் வரை கொண்டுபோவது. பார்க்கவும் அழகு, ஏறவும் வசதி, முக்கோணமும் பிழைத்துக்கொள்ளும். வேலை மட்டும் ஒன்றரைப் பங்கு. உங்கள் ஆள் இதில் எதைச் செய்யப்போகிறார் என்று கேளுங்கள். "மேல் பாரைக் கீழே இறக்கிடுவேன், அவ்வளவுதான்" என்றால் அது பதில் இல்லை.

குழாய். "குரோமாலி போடறேன்" என்பார்கள் சிலர். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4130 என்கிற எஃகு அது. பலரும் நினைப்பது போல அது சாதா இரும்பைவிட விறைப்பானது இல்லை. இரும்பு எந்த வகையானாலும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வளைந்தால் திரும்பாமல் போகும் எல்லை 4130க்கு ஒன்றரை மடங்குக்கும் மேலே, அதனால் மெல்லியதாகப் போடலாம். கணக்கு இப்படி: 28.6 மி.மீ. குழாயின் சுவர் 1.6 மி.மீ. என்றால் மீட்டருக்கு 1.06 கிலோ. 0.9 மி.மீ. என்றால் 0.61 கிலோ. மூன்று பெரிய குழாய்க்கும் சேர்த்து ஒன்றரை மீட்டர் சொச்சம் போகும். ஆக மிச்சமாவது முக்கால் கிலோ வாக்கில். வேலைக்குப் போகிற சைக்கிளுக்கு, அதில் பூட்டே அரைக் கிலோ இருக்கும்போது, அதற்காக ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை. 1.2 மி.மீ. சாதாக் குழாய் போதும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற சாலை ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்திலிருந்து 900 மீட்டருக்குப் போகிறது. வாரம் ஒருமுறை அதில் ஏறுகிறவர் குரோமாலி கேட்கட்டும். நல்லம்பள்ளி-தர்மபுரிக்கு வேண்டாம்.

அலுமினியத்தில் செய்து தருகிறேன் என்றால் மட்டும் ஒரேயடியாக மறுத்துவிடுங்கள். 6061 அலுமினியத்தைப் பற்றவைத்தால் அந்த இடம் பலமிழந்துவிடும். முழு பிரேமையும் 500 டிகிரிக்கு மேல் உலையில் வைத்து, குளிர்வித்து, மறுபடி பதப்படுத்தினால்தான் பலம் திரும்பும். அந்த உலை பாலக்கோட்டில் எந்தச் சந்திலும் இல்லை. போதாததற்கு, இரும்பு ஒரு அளவுக்குக் கீழான ஆட்டத்தை எத்தனை லட்சம் முறை வேண்டுமானாலும் தாங்கும், அலுமினியத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. சின்னச் சின்ன ஆட்டமும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

இனி பற்றவைப்பு. கேட் செய்கிற ஆர்க் வெல்டிங் கடையில் மெல்லிய குழாயைக் கொடுத்தால் ஓட்டை விழும். ஓட்டை விழாமல் இருக்க வெல்டர் தடிமனான குழாய் போடச் சொல்வார், அப்படித்தான் சில உள்ளூர் சைக்கிள்கள் தண்ணிப் பம்பு மாதிரி கனக்கின்றன. சைக்கிளுக்கு நல்ல வழி பித்தளை வெல்டிங். குழாய் உருகுவதில்லை; 900 டிகிரி வாக்கில் பித்தளைக் கம்பி மட்டும் உருகி, இரண்டு இரும்புக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளிக்குள் ஊறிப் போகும். நகை ஆசாரி வெங்காரம் தடவிப் பொடி வைத்து ஊதுகிறாரே, அதே வேலை, பெரிய அளவில். பித்தளைக்கும் வெங்காரம்தான் தடவுவார்கள்.

இதற்கு முன்னால் குழாய் முனையை மீன் வாய் மாதிரி வளைவாக அரம் போட்டு எடுக்க வேண்டும், மற்றக் குழாய் அதில் கவ்வி உட்காருவதற்கு. உட்கார வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கீற்று தெரியக்கூடாது. எங்கள் டூல் ரூமில் ஒரு பெரியவர், வெள்ளைத்தாள் ஒன்றை நுழைத்துப் பார்ப்பார். தாளின் தடிமன் 0.1 மி.மீ.தான், அது நுழைந்தால் "போய் அரத்த எடு" என்பார், அவ்வளவுதான் பேச்சு.

என் முதல் பிரேமைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரம் போட்டது சரியாகத்தான் இருந்தது. பற்றவைத்ததும் மூட்டைச் சுற்றி மஞ்சளாக, வழவழவென்று, பார்க்கவே ஆசையாக இருந்தது. கருப்புப் பெயின்ட் அடித்து நாலு மாதம் ஓட்டினேன். பாலக்கோட்டிலிருந்து ஒரு மூட்டை தேங்காயைக் கேரியரில் கட்டிக்கொண்டு வரும்போது, கீழே பி.பி. பக்கத்திலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய், செயின் ஸ்டே, மூட்டோடு கழன்றுகொண்டு வந்துவிட்டது. பின்சக்கரம் சாய்ந்து மக்கார்டில் பிடித்து, நான் ரோட்டோரம், தேங்காய் நாலாபுறமும். முழங்கை சிராய்ப்பு ஆற பத்து நாள். ஆறினபிறகு அந்த மூட்டை ஹாக்சா பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளியே வளையல் போட்ட மாதிரி பித்தளை. உள்ளே ஒரு மில்லிமீட்டர்கூடப் போகவில்லை, கண்ணாடிச் சில்லு போல வெங்காரம் கருகி அடைத்துக்கொண்டு நின்றது. சூட்டை நான் கம்பியின் மேல் காட்டியிருக்கிறேன், இரும்பின் மேல் இல்லை. பித்தளை சூடு இருக்கும் பக்கம்தான் ஓடும். தீயை உள்பக்கம் நோக்கி மெல்ல நகர்த்தி, இரும்பு நன்றாகச் சிவக்க, பித்தளை தானாக உள்ளே இழுபட்டு மறுபக்கம் ஒரு கோடாக எட்டிப் பார்க்க வேண்டும். அதிகமாகச் சூடேற்றினால் வெள்ளைப் புகை வரும், பித்தளையில் இருக்கும் துத்தநாகம் ஆவியாகிறது என்று அர்த்தம். மூட்டும் கெடும், அதை மூச்சில் இழுத்தால் அன்று ராத்திரி குளிர்சுரமும் வரும். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வதில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்: பெயின்ட் அடிப்பதற்கு முன் பிரேமைப் போய்ப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போதே "பெயின்டுக்கு முன்னாடி ஒரு தரம் வந்து பார்க்கிறேண்ணா" என்று சொல்லிவிடுங்கள். நல்ல தொழிலாளிக்கு அது கௌரவம், காட்டத்தான் ஆசைப்படுவார். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, பவுடர் கோட்டிங் போட்டபிறகு கடவுளே வந்தாலும் மூட்டு தெரியாது. பி.பி. குழலுக்குள் விளக்கு அடித்துப் பாருங்கள். உள்பக்கமும் மூட்டைச் சுற்றிப் பித்தளைக் கோடு தெரிய வேண்டும். குழாய்களில் ஆங்காங்கே சின்னத் துளை இருக்கும். உள்ளே சூடான காற்று வெளியேறும் மூச்சுத் துளை அது, குறை என்று நினைத்துவிடாதீர்கள். வெங்காரக் கசடு வெந்நீரில் ஊறவைத்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் அந்த இடத்தில் பெயின்ட் கொப்பளித்துத் துரு எட்டிப் பார்க்கும்.

பி.பி. குழலின் மரையையும் பாருங்கள். வழக்கமான அளவு 68 மி.மீ. அகலம், 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. செயின் பக்கத்து மரை இடது மரை. பற்றவைத்த சூட்டில் குழல் கொஞ்சம் நெளிந்திருக்கும். அதற்குப் பிறகு டேப் (அளக்கும் டேப் இல்லை, மரை வெட்டும் கருவி) ஓட்டி மரையைச் சுத்தம் செய்யாவிட்டால் கப் சாய்ந்து உட்கார்ந்து, மாதத்துக்கொரு முறை பால்ரஸ் மாற்றச் சொல்லும். அந்த டேப் விலை அதிகம். சைக்கிள் கட்டுகிறவரிடம் அது சொந்தமாக இருந்தால் அவர் இதை விளையாட்டுக்குச் செய்யவில்லை என்று அர்த்தம்.

பிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல்கண்டு போதும். பின் ஆக்சில் மாட்டும் தகட்டின் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, முன்னே கொண்டுபோய்த் தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்கத் தகட்டில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாயிலிருந்து இரண்டு நூலுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளங்கள். ஒரு மி.மீ. வித்தியாசம் நல்ல வேலை, இரண்டு தாங்கும், அதற்கு மேல் என்றால் திருத்தித் தரச் சொல்லுங்கள். கொத்தனார் ரசமட்டம் வைப்பதை யாரும் தப்பாக நினைப்பதில்லை, இதையும் நினைக்க மாட்டார். நினைத்தால் அது வேறு சேதி.

முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் போர்க்கில் மட்டும் நான் பிடிவாதக்காரன். கம்பெனி போர்க்கையே வாங்கிப் போடச் சொல்லுங்கள். பின்னால் ஒரு குழாய் விட்டால் என்னைப் போல முழங்கைச் சிராய்ப்போடு தப்பலாம். போர்க் விட்டால் முகம்தான் தரையில். பெரிய அனுபவசாலிகூட போர்க்கின் தலைப்பகுதியைக் கட்டுவதற்குத் தனி ஜிக் (குழாய்களை அசையாமல் பிடிக்கும் சட்டம்) வைத்துக்கொண்டுதான் செய்வார்.

பிரேக்குக்கு வந்தால், பளபளக்கும் இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் ரப்பர் வழுக்கும், கூப்பிட்ட குரலுக்கு நிற்காது. அலாய் ரிம் போடுங்கள், முன்னும் பின்னும் 36 ஸ்போக். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறக்கத்தில் மழைநாளில் ஒருதரம் இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முழு செயின் கவரும், துப்பட்டா சக்கரத்தில் சிக்காமல் பின்பக்கம் வலையும் கேளுங்கள். கையால் பிரேம் கட்டுகிறவருக்கு அந்த வலை மாட்ட இரண்டு சின்னக் காது ஒட்டுவது அஞ்சு நிமிஷ வேலை. கடைச் சைக்கிளில் நீங்கள் கம்பி கட்டித்தான் சமாளிக்க வேண்டும். நெடுஞ்சாலையை ஒட்டிப் போவதால் பின் மக்கார்டிலும் பிரேமிலும் ஒளி திருப்பும் ஸ்டிக்கர் தாராளமாக.

பின்னாளில் மோட்டார் கிட் மாட்டுகிற எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற எல்லைக்குள் இருந்தால் பதிவு வேண்டாம். ஆனால் சக்கரத்திலேயே உட்காரும் மோட்டார், ஆக்சிலைத் திருகப் பார்க்கும். மெல்லிய தகடு விரிந்து சக்கரமே கழன்றுவிடும். ஐந்து மி.மீ. தகடு போட்டுத் தரச் சொன்னால் இப்போது செலவு சொற்பம். போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டருக்கென்றே அவ்வளவு பெரிய தொழிற்சாலை வந்துவிட்ட மாவட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குத் தங்கைக்கு ஆசை வரும்.

விலை. என் கைக்கு ஒரு பிரேம் ஆறு நாள், தொழிலாகச் செய்கிறவருக்கு நாலு நாள். ரிம், டயர், டியூப், செயின், ப்ரீவீல், கிராங்க், பெடல், பிரேக், போர்க், சீட் என்று பாகங்களுக்கே பாதிப் பணம் போய்விடும். குழாய், பித்தளைக் கம்பி, கேஸ், பவுடர் கோட்டிங் போக மிஞ்சுவதை நாலு நாளால் வகுத்து, உங்கள் ஊர் கொத்தனார் கூலியோடு வைத்துப் பாருங்கள். கொத்தனாரைவிடப் பெரிதாக ஒன்றும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். அதனால் 16,500ஐப் பதினைந்தாயிரமாக்கப் பேரம் பேசாதீர்கள். குறைத்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் குழாயிலோ கம்பியிலோதான் குறையும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

ஒரு எச்சரிக்கை, பாதி வேடிக்கைக்கு. கிருஷ்ணகிரி மயிலாடும்பாறை அகழாய்வில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்ததிலிருந்து, நம் பக்கம் யார் இரும்பில் எதைச் செய்தாலும் "நாலாயிரம் வருஷ மரபு" என்று சொல்லி விற்கிறார்கள். மரபு இருக்கட்டும், எனக்கும் பெருமைதான். நாலாயிரம் வருஷம் உங்கள் தங்கையின் செயின் ஸ்டேயைத் தாங்கிப் பிடிக்காது. உள்ளே ஊறிய பித்தளைதான் பிடிக்கும்.

வண்டி கைக்கு வந்ததும், ஆளில்லாத ரோட்டில் நீங்களே கொஞ்சம் வேகமெடுத்துக் கையை விட்டு ஓட்டிப் பாருங்கள். சீட்டை ஏற்றிக்கொண்டால் போதும், குட்டைச் சைக்கிள்தான், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. ஒரே பக்கமாக இழுத்தால் போர்க்கோ பிரேமோ நேரில்லை. தங்கை முதல் 200 கிலோமீட்டர், அதாவது பத்து நாள், ஓட்டியதும் கொண்டுபோய் விடுங்கள். புது ஸ்போக் அதற்குள் இளகியிருக்கும், கோட்டம் எடுத்து இறுக்க வேண்டும். அப்போது பெயின்டில் மூட்டோரம் மயிரிழை விரிசல் ஏதாவது இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், முக்கியமாகத் தலைக்குழாய்க்குக் கீழேயும் பி.பி. பக்கத்திலும். நகம் தட்டவில்லை என்றால் அடுத்த ஓவராயிலுக்கு வருஷம் கழித்துப் போனால் போதும்.